1958 முதல்

நான் செத்துப்போய்க் குறைந்தது முப்பது வருஷமாவது ஆகியிருக்கும் என்பதும், நான் ஓர் ஆண் என்பதும் ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. டீ கூட அப்போது வந்திருக்கவில்லை.

சங்கரன்கோவிலில் கழுகுமலை ரோட்டில் இருக்கும் ஒரு பிரஸ்ஸில் பதினோரு வருஷமாக டிசைன் வேலை பார்க்கிறேன். ஃபிளக்ஸ், கல்யாணப் பத்திரிகை, சேலை லேபிள், கட்சிக்காரர்களின் பிறந்தநாள் போஸ்டர், கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் என் கை வழியாகத்தான் வெளியே போகும். பிரஸ்ஸுக்கு ஓனர் கதீஜம்மாள். நான் கதீஜாக்கா என்று கூப்பிடுவேன். அவர் முன்னால் கல்லாவில் இருப்பார், நான் பின்னால் கம்ப்யூட்டரில் இருப்பேன். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதில் ஒரு ஓட்டை, அதன் வழியாகத்தான் எங்கள் பேச்சு.

அன்றைக்கு வந்தவர் பெயர் கைலாஷ். சென்னையில் டிசைன் ஸ்டூடியோ வைத்திருக்கிறாராம். அவர் அம்மாவுக்கு இந்த ஊர்தான், ரத வீதியில் வீடு இருந்ததாம். தென்மாவட்டங்களின் பழைய லேபிள்கள், பெயர்ப் பலகைகள், தீப்பெட்டிப் படங்கள் எல்லாவற்றையும் தேடித்தேடிப் படமெடுத்து ஒரு புத்தகமாகப் போடுகிறார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்று வாரம் கழித்து இங்கே ஒரு மண்டபத்தில் அறிமுக விழா. அதற்கு பேனர் அடிக்க பென் டிரைவைக் கொண்டுவந்து நீட்டினார்.

ஃபைலைத் திறந்தேன். 'தெற்கத்தி எழுத்து' என்ற தலைப்பு திரை முழுக்க வந்து நின்றது. அது என் எழுத்து.

என் எழுத்து மாதிரி என்று சொல்லவில்லை. ஒரு 'ழ'வுக்காகப் பத்து நாள் சோறு இறங்காமல் இருந்தவளுக்குத் தன் எழுத்து தெரியாதா? பேனருக்குக் கீழே புத்தகத்தின் ஒரு பக்கத்தையும் சேர்த்திருந்தார். அதில் 'வடிவழகி காட்டன் சேலைகள்' லேபிள் பெரிதாக இருந்தது. பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது: 'பெயர் தெரியாத கலைஞர், சங்கரன்கோவில், சுமார் 1958. இவர் இன்று நம்மிடையே இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவருடைய கை இன்னும் நம்மோடு பேசிக்கொண்டிருக்கிறது.'

அவருடைய கை அப்போது மவுஸைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் கைலாஷ் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். ஃபிளக்ஸ் கடையில் இருக்கிற பெண்ணுக்கு நாலு நல்ல விஷயம் தெரியட்டுமே என்று நினைத்தாரோ என்னவோ, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைத் தொட்டுத்தொட்டுக் காட்டினார்.

"இந்த 'வ' பாருங்க மேடம். சுழில சின்னதா ஒரு கேப் விட்டிருக்கார். ஏன்னு தெரியுமா? தகரத்துல எழுத்தை வெட்டி மை அடிக்கும்போது, சுழிக்கு உள்ள இருக்கிற துண்டு விழுந்துடக் கூடாதுன்னு ஒரு இணைப்பு விடுவாங்க. அந்த இடம் வெள்ளையா நிக்கும். இது தகரம் இல்ல, லேபிள். இங்க அதுக்குத் தேவையே இல்ல. அழகுக்காக எடுத்துட்டு வந்திருக்கார். அப்புறம் கோட்டோட முனையெல்லாம் பாருங்க, கத்தியால நேரா வெட்டின மாதிரி. நம்ம போன்ல வர்ற எழுத்து மாதிரி இருக்குல்ல? 1958-ல! காலத்துக்கு அறுபது வருஷம் முன்னாடி யோசிச்சிருக்கான் மனுஷன்!"

போனில் இருந்துதான் எடுத்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால், என் சொந்த போனில் இருந்து. சுழியில் இருக்கிற இடைவெளி புளியங்குடி எலுமிச்சை மண்டியில் எடுத்தது. அங்கே சாக்கிலும் பெட்டியிலும் வியாபாரிகளின் பெயரைத் தகர அச்சு வைத்துத்தான் அடிப்பார்கள். வாசுதேவநல்லூரில் அம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நடுவில் இறங்கி, அந்த மூட்டைகளைப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போவேன். லோடு ஏற்றுகிறவர்கள் நான் ஏதோ வரி ஆபீஸில் இருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்து முறைப்பார்கள். பழைய சுழியையும் புதிய முனையையும் ஒரே எழுத்துக்குள் சண்டை போடாமல் உட்கார வைக்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

"சார், இது நான் வரைஞ்சது" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"நீங்களும் இதைப் பார்த்து வரைஞ்சு பழகியிருக்கீங்களா? சூப்பர் மேடம். இப்படித்தான் இதெல்லாம் உயிரோட இருக்கு."

"பாத்து வரையல சார். நானா வரைஞ்சது. 2019-ல."

"இல்லையே. வடிவழகி ஓனர் ஃபேமிலியே சொல்லியிருக்காங்களே. அவங்க தாத்தா கோவில்பட்டில இருந்து ஒரு பெயின்டரை வரவழைச்சு எழுதினதாம். ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன்." லேபிளின் அடியில் இருந்த வரியை விரலால் தட்டினார். "இங்க பாருங்க, அவங்களே போட்டிருக்காங்க. 1958 முதல்."

அந்த வரியையும் நான்தான் எழுதினேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. வடிவழகி சேலைகளின் முதலாளி சங்கரபாண்டியன். 2016 வரைக்கும் அவர் உரக்கடை வைத்திருந்தார். பிறகு எட்டு விசைத்தறி போட்டு காட்டன் சேலை நெய்ய ஆரம்பித்தார். மூன்று வருஷம் கழித்து எங்களிடம் லேபிளுக்கு வந்தார். திருநெல்வேலிக் கடைகளில் சேலையைப் பிரிப்பதற்கு முன்னால் லேபிளைத்தான் பார்க்கிறார்களாம். "நேத்து மொளைச்சவன்னு தெரியக் கூடாது மக்கா. பாத்த ஒடனே பழைய ஆளுன்னு தோணணும்" என்றார். 1948 முதல் என்று போடச் சொன்னார். அது கொஞ்சம் அதிகம், ஐம்பத்தெட்டு என்று போட்டால் நம்புகிற மாதிரி இருக்கும் என்று சொன்னது சாட்சாத் நான்.

சொன்னதோடு விடவில்லை. பழைய லேபிள்களில் நிறங்கள் ஒன்றோடு ஒன்று சரியாகப் பொருந்தாது, சிவப்பு ஒரு முடி அளவு விலகி நிற்கும். அதையும் செய்தேன். மெஷின்காரர் அதைப் பிழை என்று நினைத்துச் சரிசெய்துவிட்டார். பக்கத்தில் நின்று மறுபடியும் விலக்க வைத்தேன். வெள்ளைக்குப் பதிலாக, வெயிலில் கிடந்த காகிதத்தின் பழுப்பு நிறத்தை அடியில் ஓட்டினேன். என் வேலையிலேயே நல்ல வேலை அது. அவ்வளவு நன்றாகப் பொய் சொன்னேன்.

சரி, அதற்காக? ஊரில் பாதி லேபிளில் இருக்கும் வருஷம் அப்படிப் போட்டதுதான். வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். அதை உண்மை என்று நம்பி, படம் எடுத்து, அந்தப் பத்துப் பன்னிரண்டு எழுத்தில் இருந்து ஒரு முழு ஃபான்ட் செய்து, அதற்கு 'சங்கரன்கோவில் 58' என்று பெயரும் வைத்தவர் படித்த மனிதர். லேபிளில் இல்லாத எழுத்துகளை அவர் ஸ்டூடியோவில் யாரோ ஒப்பேற்றியிருந்தார்கள். பேனரில் 'மண்டபம்' என்று வந்த இடத்தில் 'ண'வின் மூன்று சுழியும் மூன்று அளவில் இருந்தன.

மத்தியானமே வண்டியை எடுத்துக்கொண்டு சங்கரபாண்டியனின் தறிக் கொட்டகைக்குப் போனேன். உள்ளே பேச முடியாது, அத்தனை சத்தம். அவர் வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, "வா மக்கா, சாப்ட்டியா?" என்றார். நல்ல மனிதர்தான். அதனால்தான் கோபம் இன்னும் கூடியது.

"அண்ணாச்சி, கோவில்பட்டி பெயின்டர் யாரு?"

அவருக்குப் புரிந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அந்தத் தம்பி வந்து, இது ஒங்க தாத்தா காலத்து லேபிளான்னு கேட்டான். ஆமான்னேன். பெறகு யாரு எழுதினதுன்னு கேட்டான். நா என்னத்தச் சொல்ல?"

"மாரிசெல்வின்னு சொல்ல வேண்டியதுதான?"

"அம்பத்தெட்டுல நீ எங்கன இருந்த?"

அவரே மெதுவாகச் சொன்னார். "போடச் சொன்னது நானு, போட்டது நீ. நாப்பத்தெட்டு வேண்டாம், அம்பத்தெட்டு போடுவோம்னு சொன்னதும் நீதான். ரெண்டு பேருமா ஏறின வண்டில இருந்து நீ மட்டும் எறங்கிப் போறேன்னா எப்படி மக்கா? விழாவுல எனக்குச் சால்வை போடுதாங்களாம். கடைக்காரங்க எல்லாரும் வாராங்க. வேணும்னா அந்தத் தம்பிகிட்டச் சொல்லி, நன்றின்னு போட்டு ஒம் பேரையும் கடைசில சேக்கச் சொல்லுதேன்."

"எதுக்கு நன்றி அண்ணாச்சி?"

"பேனர் அடிச்சதுக்கு" என்றார், முழு மனதோடு.

திரும்பி வரும் வழியில் எனக்கு யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. கைலாஷ்மேல், அண்ணாச்சிமேல், எல்லாவற்றுக்கும் மேலாக என்மேல். அழுகை வந்தது. அழுதால் வண்டி ஓட்ட முடியாது என்று திட்டிக்கொண்டே வந்தேன்.

கதீஜாக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடித் தடுப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் உள்ளே வருவது வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு நான் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கும் அன்று பொரி வாங்கிக்கொள்ள மட்டும்தான்.

"ஏட்டி, ஃபைல் இருக்கா?"

"இருக்குக்கா. மொத நாள்ல இருந்து எல்லாம் இருக்கு."

"பெறவு என்ன? அவனை நாளைக்கி வரச் சொல்லு."

"அண்ணாச்சி வேற பிரஸ்ஸுக்குப் போயிருவாருக்கா. நம்ம நல்ல கஸ்டமர்."

"போனாப் போறாரு. உசுரோட இருக்கவளை மௌத்தாக்கி, புஸ்தகத்துல அடக்கமும் பண்ணிட்டான். நீ கஸ்டமரைப் பாத்துக்கிட்டிருக்க. இது ஒன் ஹக்கு மாரி. ஒனக்குச் சேர வேண்டியதை நீ கேக்காம வேற யாரு வந்து கேப்பா?"

மறுநாள் கைலாஷ் வந்தார். நான் அதிகம் பேசவில்லை. ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். புளியங்குடி மூட்டைகள், திருவேங்கடம் டவுன் பஸ்ஸின் நம்பர் பலகை, பென்சிலில் போட்ட 'ழ' நாற்பத்தாறு விதம். ஒவ்வொன்றிலும் தேதி இருந்தது. கடைசியாக லேபிளின் மூல ஃபைல், 2019 ஜூன் 11. சிவப்பை எவ்வளவு விலக்க வேண்டும் என்று மெஷின்காரருக்கு நான் எழுதிய குறிப்பும் அதில் இருந்தது. லேபிளில் இல்லாத மிச்ச எழுத்துகளும் இருந்தன. என் 'ண'வில் மூன்று சுழியும் ஒழுங்காக இருந்தன.

அவர் நம்பிவிட்டார். அதைச் சொல்ல வேண்டும், வீம்பு பிடிக்கவில்லை. ஒவ்வொரு படமாகத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஆனால் பார்க்கப் பார்க்க அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது. முந்தின நாள் அந்த 'வ'வைத் தொட்டபோது இருந்த வெளிச்சம் கொஞ்சமும் இல்லை. எழுத்து அதேதான். சுழி அதே சுழி, முனை அதே முனை. ஒரு மயிரிழைகூட மாறவில்லை.

"2019-ஆ?" என்றார். "ஐயோ" என்றும் சொன்னார், மெதுவாக.

போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பத்து நிமிஷம் பேசினார். திரும்பி வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மேடம், நீங்க பெரிய டேலண்ட். சீரியஸா சொல்றேன். ஆனா புக்கோட தீம் வின்டேஜ், பழசு மட்டும்தான். இது புதுசுன்னு ஆயிட்டா உள்ள வைக்க முடியாது."

"நேத்து வரைக்கும் இது நல்லா இருந்துச்சே சார்?"

"இப்பவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா 1958-ல ஒருத்தர் இப்படி யோசிச்சிருக்கார்னா அது ஆச்சரியம். 2019-ல ஒருத்தர் யோசிச்சா..."

"யோசிச்சா அது ஃபிளக்ஸ் கடை வேலை" என்று நானே முடித்து வைத்தேன்.

"அப்படிச் சொல்லல மேடம். ஒரு வழி இருக்கு. '1958 லேபிளைத் தழுவி மறுவரைவு: மாரிசெல்வி'ன்னு போட்டுடலாம். உங்க பேர் வரும். பக்கமும் நிக்கும், ஃபான்ட்டும் நிக்கும். அண்ணாச்சிக்கும் சங்கடம் இல்ல. எல்லாருக்கும் நல்லது."

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஆசை வந்தது. பதினோரு வருஷத்தில் என் பெயர் எதிலும் அச்சானதில்லை. வழவழவென்ற தாளில், கெட்டி அட்டைப் புத்தகத்தில், என் பெயர். அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டலாம். எழுத்து ஊர் ஊராகப் போகும், யார் யாரோ அதில் பெயர்ப் பலகை வைப்பார்கள். நான் தலையை ஆட்டினால் போதும். அண்ணாச்சிக்குச் சால்வை, இவருக்குப் புத்தகம், எனக்குப் பெயர்.

கதீஜாக்கா கண்ணாடி ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரைப் பாத்து மறுவரைவு சார்?" என்றேன்.

"அது... அந்தப் பழைய லேபிளை."

"அப்படி ஒரு லேபிள் இல்ல. அப்படி ஒரு பெயின்டரும் இல்ல. பொறக்காத ஒருத்தனை ஒங்க புக்குல ஒக்கார வச்சு, அவன் எழுத்தை நான் பாத்து எழுதினேன்னு நானே கையெழுத்துப் போடணும். அப்படித்தான?"

"மேடம், நீங்களே ஒரு தடவை 1958-ன்னு எழுதியிருக்கீங்க."

குத்தினார். குத்த வேண்டிய இடத்தில்தான் குத்தினார்.

"ஆமா, எழுதினேன். சேலை விக்கிறதுக்கு எழுதினேன். என்னையவே விக்கிறதுக்கு எழுதல. அந்தப் பக்கத்தை எடுத்துருங்க சார்."

"கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிச்சாச்சு. பக்கத்தை எடுத்துருங்க. ஃபான்ட்டையும் எடுத்துருங்க. பேனர் தலைப்பை வேற எழுத்துல நானே மாத்தித் தாரேன். பெரிய வேலை இல்ல, அஞ்சு நிமிஷம்."

அஞ்சு நிமிஷம் என்று சொல்லிவிட்டேனே தவிர, அரைமணி நேரம் ஆனது, தலைப்பில் இருந்த என் எழுத்தை அழிக்க மனசு வராததால். கிளம்பும்போது அவர் வாசலில் நின்று, "மிச்ச எழுத்தெல்லாம் முழு செட்டா வச்சிருக்கீங்கல்ல, எனக்கு அனுப்புறீங்களா, சும்மா பார்க்க?" என்று கேட்டார். பார்க்க ஆசைதான் அவருக்கு. கண்ணில் தெரிந்தது. பழைய தேதி ஒட்டியிருந்தால்தான் அந்த ஆசையை வெளியே சொல்ல முடியும் என்று யாரோ அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அனுப்பமாட்டேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போனது. என் இடத்தில் ஒரு சோடாக் கம்பெனி லேபிளைப் போட்டார்களாம். அண்ணாச்சிக்குச் சால்வை இல்லை. அவர் லேபிளை வேறு பிரஸ்ஸுக்கு மாற்றிக்கொண்டார், போனில் என்னோடு பேசவும் இல்லை. பரவாயில்லை என்று சொல்லத்தான் ஆசை. பரவாயில்லாமல் இல்லை. இப்போதும் நினைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். செத்தவன் கை என்றால் கும்பிடுகிறார்கள். உயிரோடு இருப்பவள் கை என்றால், "பேனர் எப்ப ரெடியாகும்?" என்று கேட்கிறார்கள்.

அடுத்த வாரம் காசி அண்ணாச்சி என்று ஒருவர் வந்தார். திருவேங்கடம் பக்கம் கரிசல் விவசாயி. அக்கா மகள் பெரியவளானதற்குச் சடங்கு, பத்துக்குப் பன்னிரண்டு அடி ஃபிளக்ஸ். இரண்டு முழுத்தாளில் சொந்தக்காரர்களின் பெயர்கள். எங்கள் பக்கம் சடங்கு ஃபிளக்ஸில் ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டில் இருந்து யாரும் விசேஷத்துக்கு வரமாட்டார்கள். தாய்மாமன் மேலே, சித்தப்பாக்கள் அடுத்து, மூன்று மாதக் கைக்குழந்தைக்கும் போட்டோவோடு பெயர் உண்டு. சடங்குக்காரப் பிள்ளையின் பெயரை நடுவில் என் எழுத்தில் போட்டேன். எல்லாம் முடிந்ததும், கீழே பிரஸ் பெயருக்குப் பக்கத்தில், ஓர் ஓரமாக, 'எழுத்து: மாரிசெல்வி, 2019' என்று போட்டேன். கதீஜாக்காவிடம் கேட்கவில்லை.

காசி அண்ணாச்சி சரிபார்க்க உட்கார்ந்தார். ஒவ்வொரு பெயராகத் திரையில் விரலை வைத்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தார். அறுபத்து மூன்று பெயர். கடைசியில் விரல் ஓரத்துக்கு வந்து நின்றது.

"மாரிசெல்வியா? இது யாரும்மா? எங்க ஆளுகள்ல இப்படி யாரும் கெடையாதே."

கல்லாவில் கதீஜாக்கா தலையைத் தூக்கினார்.

"நான்தான் அண்ணாச்சி. பிள்ளை பேரு போட்டிருக்கிற இந்த எழுத்து நான் வரைஞ்சது. அதான் கீழ போட்டிருக்கேன். வேண்டாம்னா எடுத்துருதேன்."

அவர் பிள்ளையின் பெயரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, கண்ணைச் சுருக்கி, மறுபடியும் அந்த ஓரத்தைப் பார்த்தார்.

"எதுக்கு எடுக்கணும்? எழுதினவ பேரு இருக்க வேண்டியதுதான. அதுக்கு ஏன் இப்படி எறும்பு கணக்கா போட்டு வச்சிருக்க? ரோட்டுல போறவனுக்குத் தெரிய வேண்டாமா?"

நான் பெரிதாக்கினேன். போதுமா என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் என்றார்.